ஒரே ஆள், இரண்டு நாள்

திண்டுக்கல் பக்கம் மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வினைச்சொல்லும் கூடவே வரும்: கேட்பது. "அந்த மாத்திரை எனக்குக் கேட்கல." "இந்தக் கம்பெனி மாத்திரைதான் அம்மாவுக்குக் கேட்குது." மருந்துக்கடையில் இப்படிச் சொல்பவருக்கு வழக்கமாக இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "எல்லாம் ஒரே மருந்துதாங்க, பேருதான் வேற" என்பது ஒன்று. "விலை கம்மின்னா அப்படித்தான் இருக்கும்" என்பது இன்னொன்று. முதல் பதில் அவருடைய உடம்பை நம்ப மறுக்கிறது. இரண்டாவது, மருந்தை நம்ப மறுக்கிறது. அவர் சொன்னது சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இரண்டுமே தொடுவதில்லை.

ஜெனரிக் மருந்துகளைப் பற்றி அண்மையில் அதிகம் பேசப்பட்ட இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தபோது இந்தக் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, அமெரிக்கப் பத்திரிகையாளர் கேத்தரின் ஈபனின் 'பாட்டில் ஆஃப் லைஸ்' (2019). மற்றது, தினேஷ் தாக்கூரும் பிரசாந்த் ரெட்டியும் சேர்ந்து எழுதிய 'த ட்ரூத் பில்' (2022). முதல் புத்தகத்தின் நாயகன்தான் இரண்டாவதன் ஆசிரியர்களில் ஒருவர் என்பது ஒரு சுவாரசியம். இரண்டுமே முக்கியமான புத்தகங்கள், தமிழில் வரவேண்டியவை. ஆனால் இரண்டையும் மூடிவைத்த பிறகும், அந்த மருந்துக்கடைக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கதைக்கு ஒரு வில்லன்

ஈபனின் புத்தகம் ரான்பாக்ஸியின் கதை. நிறுவனத்துக்குள் வேலைபார்த்த தாக்கூர், மருந்து ஆய்வுத் தரவுகள் இட்டுக்கட்டப்படுவதைக் கண்டுபிடிக்கிறார், வேலையை விடுகிறார், அமெரிக்க அரசுக்குத் தகவல் தருகிறார். 2013 மே மாதம் ரான்பாக்ஸியின் அமெரிக்க நிறுவனம் ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டது. அபராதமும் வழக்குத் தீர்வுமாகச் சேர்த்துக் கட்டிய தொகை 50 கோடி டாலர். ஈபனுக்குக் கதை சொல்லத் தெரியும். தொழிற்சாலைச் சோதனைக்குப் போகும் அமெரிக்க அதிகாரி, கிழித்துப் போட்ட காகிதங்கள், பெட்டியில் கடத்தப்படும் மாத்திரைகள் என்று ஒரு துப்பறியும் நாவலின் வேகத்தில் புத்தகம் ஓடுகிறது.

தாக்கூர்-ரெட்டி புத்தகத்துக்கு அந்த வேகம் கிடையாது. சட்டம், அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, நாடாளுமன்றக் குழு அறிக்கை என்று பொறுமையாக அடுக்கிக்கொண்டே போகிறது. ஆனால் நமக்கு உதவுவது இதுதான். ஒரு உதாரணம். இந்தியாவில் ஒரு புதிய மருந்து அனுமதி பெற்று நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டால், அதே மருந்தைத் தயாரிக்க விரும்பும் அடுத்த கம்பெனி மாநில உரிம அதிகாரியிடமே உரிமம் வாங்கிக்கொள்ளலாம். 'என் மாத்திரையும் அந்த மாத்திரையும் உடம்பில் ஒன்றுபோல வேலை செய்கின்றன' என்று காட்டும் மனித ஆய்வு தேவையில்லை. 2017 ஏப்ரலில்தான் விதி திருத்தப்பட்டது. அதன்பிறகு, தண்ணீரில் எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு அந்த ஆய்வு கட்டாயமானது.

அந்த ஆய்வின் பெயர் பயோஈக்விவலன்ஸ், உயிர்ச்சமானம். என் வாசிப்பில் இரண்டு புத்தகங்களும் இதை ஒரு வாசல் கதவு மாதிரியே பார்க்கின்றன. ஈபன் கேட்பது: கதவைத் திறந்துகொண்டு வந்தார்களா, சுவரேறிக் குதித்தார்களா? தாக்கூரும் ரெட்டியும் கேட்பது: கதவு இருந்ததா, இல்லையா? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் கதவுக்குள் என்ன நடக்கிறது? ஒருவன் நேர்மையாக உள்ளே வந்திருந்தால் அவனைப் பற்றி நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? அங்கே வில்லன் கிடையாது. அதனாலேயே கதை அந்த இடத்தில் நிற்பதில்லை.

ஆளுக்குள் மாறுபாடு

ஆய்வு எளிமையானதுதான். இருபது முப்பது ஆரோக்கியமான வாலன்டியர்கள். பாதிப் பேருக்கு முதலில் மூல பிராண்டு மாத்திரை, மீதிப் பேருக்கு ஜெனரிக். ஒரு நாள் முழுக்கவோ அதற்கு மேலோ குறித்த நேரங்களில் இரத்தம் எடுப்பார்கள். பிறகு மருந்து உடம்பைவிட்டு முழுதாக வெளியேற இடைவெளி விடுவார்கள். வாஷ்அவுட் என்று பெயர். அடுத்து மாத்திரைகளை மாற்றிக் கொடுத்து மறுபடியும் இரத்தம். ஆளாளுக்கு இடம் மாறுவதால் இது கிராஸோவர். இரத்தத்தில் மருந்து ஏறிய உச்ச அளவு, மொத்தமாக உடம்புக்குள் போன அளவு ஆகிய இரண்டையும் வைத்து ஒப்பிடுவார்கள்.

ஏன் ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுக்க வேண்டும்? சிறுமலை வாழையை எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்துப் பழமும் இன்னொரு தோட்டத்துப் பழமும் ஒன்றாக இருக்காது. மண் வேறு, நிழல் வேறு. மருந்தும் அப்படித்தான். ஒரே மாத்திரை எனக்குள் ஏறும் அளவும் உங்களுக்குள் ஏறும் அளவும் இரண்டு மூன்று மடங்குகூட வேறுபடலாம். இது ஆளுக்கு ஆள் மாறுபாடு. ஒரே ஆளை அவரோடே ஒப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது.

ஆனால் முழுதாக ஒழியாது. ஒரே தாரில் மேல் சீப்பும் கடைச் சீப்பும் ஒன்றில்லையே. அதே ஆள், அதே மாத்திரை, வேறு நாள். இரைப்பை காலியாகும் வேகம் வேறு, குடலின் அசைவு வேறு, தூக்கம் வேறு. இரத்த அளவும் வேறாகத்தான் வரும். இதுதான் ஆளுக்குள் மாறுபாடு: ஒரு மனிதர் தன்னிடமிருந்தே எவ்வளவு வேறுபடுகிறார் என்பதன் அளவு. இந்தத் துறையின் மொத்தக் கணக்கும் இந்த ஒற்றை எண்ணில்தான் தொங்குகிறது.

புள்ளியியலில் பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் 'டி' சோதனை பிறந்த கட்டுரையிலும் இதே கேள்விதான் இருந்தது. கின்னஸ் மதுபான ஆலையில் வேலைபார்த்த வில்லியம் காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் அந்தக் கட்டுரையை எழுதினார். அவர் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தியது பீரைப் பற்றிய தரவை இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில மனநல விடுதி ஒன்றில் 10 நோயாளிகளுக்கு வெவ்வேறு தூக்க மருந்துகளைக் கொடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை மணிநேரம் கூடுதலாகத் தூங்கினார் என்று 1905-இல் வெளிவந்த தரவு. ஒவ்வொரு நோயாளியையும் அவரோடே ஒப்பிட்ட கணக்கு அது.

வாசகர்களான நமக்கு இது புதிதில்லை. ஒரே நாவலை இருபது வயதிலும் முப்பது வயதிலும் படித்துவிட்டு, "நாவல் மாறிப்போச்சு" என்றா சொல்வோம்? இரண்டு புத்தகங்களை ஒப்பிடும் விமர்சகனும் ஒரு கிராஸோவர் ஆய்வில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான். நான் ஈபனை முதலில் படித்தேன். அந்தக் கோபம் அடங்குவதற்குள் தாக்கூர்-ரெட்டியைத் திறந்தேன். ஆய்வாளர்கள் இதை எச்சத்தாக்கம் என்பார்கள். முதல் மருந்தின் மிச்சம் இரண்டாவதன் கணக்கில் ஏறிவிடுவது. சட்டப் பிரிவுகளின் வறண்ட பக்கங்கள் எனக்கு விறுவிறுப்பாக இருந்ததில் ஈபனின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்ல, வரிசையை மாற்றிப் படித்த இன்னொரு வாசகர் வேண்டும்.

80, 125, அப்புறம் ஒரு சதவீதம்

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜெனரிக் மாத்திரையில் 80 சதவீத மருந்து இருந்தாலே அனுமதி உண்டாம், 125 சதவீதம் இருந்தாலும் பரவாயில்லையாம். இது தப்பு. மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவுக்கு வேறு கடுமையான வரம்புகள் உண்டு. 80-125 என்பது இரத்த அளவுகளின் விகிதத்துக்கான எல்லை. அந்த விகிதம் மட்டும் உள்ளே வந்தால் போதாது. விகிதத்தைச் சுற்றிப் போடப்படும் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி முழுசாக 80.00-க்கும் 125.00-க்கும் நடுவே விழவேண்டும். (80-ஐத் தலைகீழாக்கினால் 125. மடக்கைக் கணக்கில் இரண்டும் 100-இலிருந்து சம தூரம்.)

அந்த இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: எத்தனை பேர், அவர்களுடைய ஆளுக்குள் மாறுபாடு எவ்வளவு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 பேர். ஜெனரிக்கும் பிராண்டும் அச்சு அசலாக ஒன்று, விகிதம் சரியாக 100 என்று வந்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். ஆளுக்குள் மாறுபாட்டுக் கெழு 15 சதவீதமாக இருந்தால் இடைவெளி ஏறத்தாழ 93 முதல் 108 வரை. தாராளமாகப் பாஸ். 30 சதவீதம் என்றால் 86 முதல் 116. இதுவும் பாஸ். 50 சதவீதம் என்றால்? 79 முதல் 126.

ஃபெயில்! இரண்டு மாத்திரைகளுக்கும் இம்மி வித்தியாசமில்லை, ஆனாலும் ஃபெயில். அதே பிராண்டு மாத்திரையை அதே பிராண்டோடு ஒப்பிட்டிருந்தாலும் இதே கதிதான். மாத்திரையின் மேல் தப்பில்லை. மனிதர்கள் தங்களோடு தாங்கள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் மாறுபாடு 30 சதவீதத்தைத் தாண்டும் மருந்துகளைத் தனி வகையாகப் பிரித்தார்கள். அவற்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை மருந்து கொடுக்கும் ஆய்வு. பிராண்டு மாத்திரையையே ஒரே ஆளுக்கு இரண்டு தடவை கொடுத்து, அது தன்னோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று முதலில் பார்ப்பது. அது எவ்வளவு ஆடுகிறதோ, அதற்கேற்ப எல்லையையும் கொஞ்சம் தளர்த்துவது. ஐரோப்பிய வழிகாட்டி (2010) உச்ச அளவுக்கு மட்டும் 69.84-143.19 வரை தளர்த்த அனுமதிக்கிறது. மறுபக்கம், கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்தாகும் மருந்துகளுக்கு அதே எல்லையை 90.00-111.11 என்று இறுக்குகிறது.

சரி, அந்த மாறுபாட்டை எப்படிக் கணிப்பது? பெரிய ஆய்வுக்கு முன்னால் ஒரு சின்ன முன்னோட்டம் நடத்துவார்கள். 12 பேரை வைத்து நடத்தியதில் மாறுபாடு 30 சதவீதம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 12 பேர் தரும் தகவலை வைத்து, உண்மையான மதிப்பு 21-க்கும் 55-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். இது வெறும் கணக்கு நுணுக்கம் இல்லை. ஜெனரிக்கின் உண்மை விகிதம் 95 என்று கொண்டால், ஆய்வு வெற்றிபெற 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், மாறுபாடு 20 சதவீதமாக இருக்கும்போது 20 பேர் போதும். 30 என்றால் 40 பேர். 50 என்றால் 98 பேர். ஊசி குத்தப்படும் கைகளின் எண்ணிக்கை இது. குறைத்து மதிப்பிட்டால் நல்ல மருந்து தோற்கும், அத்தனை பேர் கொடுத்த இரத்தமும் வீண். கூட்டி மதிப்பிட்டால் தேவையில்லாத ஆட்களின் உடம்பில் மருந்து ஏறும்.

பாஸான மருந்துகள் எல்லையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றனவா என்ற சந்தேகமும் வரும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 1996 முதல் 2007 வரை ஏற்றுக்கொண்ட 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2009-இல் வந்தது. பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் சராசரி வித்தியாசம் உச்ச அளவில் 4.35 சதவீதம், மொத்த அளவில் 3.56 சதவீதம். கடைக்காரரின் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்ற வாக்கியத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சராசரி மனிதன் மாத்திரை சாப்பிடுவதில்லை

ஆனால் இதெல்லாம் சராசரிக் கணக்கு. அம்மாவுக்கு மாத்திரை கேட்கவில்லை என்பவரின் கவலை சராசரியைப் பற்றியதில்லை. அம்மா இத்தனை நாள் ஒரு மாத்திரையில் இருந்தார், இப்போது இன்னொன்றுக்கு மாறியிருக்கிறார். அவர் கேட்பது அந்த ஒருவரைப் பற்றி.

இரண்டு முறை மட்டும் மருந்து கொடுக்கும் சாதாரண ஆய்வால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. ஒரு வாலன்டியரின் இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தில் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன. பிராண்டை எடுத்த நாளின் ஆட்டம் ஒன்று. ஜெனரிக்கை எடுத்த நாளின் ஆட்டம் இன்னொன்று. மூன்றாவது, இந்தக் குறிப்பிட்ட ஆளுக்கு இந்த ஜெனரிக் உண்மையிலேயே வேறு மாதிரி வேலை செய்கிறதா என்பது. மூன்றும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டு, அறிக்கையில் 'ஆளுக்குள் மாறுபாடு' என்ற ஒற்றைப் பெயரோடு வந்து உட்கார்ந்துவிடுகின்றன. நோயாளியின் புகாருக்கான விடை மூன்றாவதில் இருக்கிறது. ஒவ்வொரு மாத்திரையையும் ஒரே ஆளுக்குத் திரும்பவும் கொடுத்தால்தான் மூட்டையைப் பிரிக்க முடியும்.

ஆண்டர்சன், ஹாக் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1990-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். புதிய நோயாளிக்கு இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொடுக்கலாம் என்பது ஒரு தகுதி. ஏற்கெனவே ஒன்றில் நிலைப்பட்டவரை இன்னொன்றுக்கு மாற்றலாம் என்பது வேறொரு தகுதி. இரண்டாவதற்குத் தனிநபர் சமானம் என்று ஒரு அளவுகோலை எஃப்.டி.ஏ. தன் 2001 வழிகாட்டியில் எழுதிப் பார்த்தது. சில ஆண்டுகளிலேயே சராசரிக்குத் திரும்பிவிட்டது. செலவு ஒரு காரணம். ஆளுக்கும் மாத்திரைக்கும் இடையில் அப்படியொரு தனி உறவு இருப்பதற்கு வலுவான சான்று கிடைக்காதது இன்னொரு காரணம்.

அப்படியானால் நோயாளி சொல்வது பிரமையா? இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, வலிப்புக்கான லாமோட்ரிஜின். ஜெனரிக்குக்கு மாறினால் தங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அறியப்பட்ட முப்பத்துச் சொச்சம் நோயாளிகளையே தேடிப்பிடித்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது (2015). எந்த மாத்திரை எது என்று தெரியாமல், பிராண்டையும் ஜெனரிக்கையும் தலா இரண்டு முறை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரத்த அளவுகள் ஒத்துப்போயின. வலிப்பிலும் பக்கவிளைவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வு, ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட இரண்டு ஜெனரிக்குகளை இதேபோல மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. அதே முடிவு.

இரண்டாவது, மனச்சோர்வுக்கான புப்ரோபியான். 300 மில்லிகிராம் ஜெனரிக் ஒன்று கேட்கவில்லை என்று அமெரிக்க நோயாளிகள் புகார் மேல் புகார் எழுதினார்கள். 2008-இல் எஃப்.டி.ஏ. மருந்தின் பக்கமே நின்றது. ஆனால் அந்த 300 மில்லிகிராம் மாத்திரையை நேரடியாக ஆய்வே செய்யவில்லை. 150 மில்லிகிராம் மாத்திரையின் முடிவை வைத்து அனுமானித்திருந்தார்கள். பிறகு எஃப்.டி.ஏ. தானே ஆய்வு நடத்தியது. மாத்திரை தேறவில்லை. 2012-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஈபன் இந்தத் துறைக்குள் வந்ததே இதுபோன்ற நோயாளிப் புகார்கள் வழியாகத்தான்.

ஒரு இடத்தில் நோயாளிகளின் சந்தேகம் மருந்தின்மேல் நிற்கவில்லை, இன்னொரு இடத்தில் நின்றது. இரண்டையும் பிரித்துக் காட்டியது ஒரே வழிமுறை: அந்த மனிதர்களை அவர்களோடே ஒப்பிட்டது. லாமோட்ரிஜின் நோயாளிகள் பட்ட கஷ்டம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மாத்திரையிலும் உடம்பு நாளுக்கு நாள் ஆடும். மாத்திரை மாறிய வாரத்தில் அந்த ஆட்டம் வந்தால் பழி மாத்திரையின்மேல்தான் விழும். ஈபனின் புத்தகத்தில் எனக்குள்ள மனக்குறை இங்கேதான். நோயாளியின் அனுபவம், சோதனை அதிகாரியின் ஆதாரம் இரண்டும் அதில் ஒரே எடையோடு அடுத்தடுத்து வருகின்றன. படிப்பவர் மனதில் இரண்டும் கலந்து, ஒவ்வொரு தலைச்சுற்றலும் ஒரு மோசடியின் தடயமாகிவிடுகிறது.

இதைச் சொல்வதால் மாத்திரையின் 'மற்றப் பொருட்கள்' முக்கியமில்லை என்று ஆகாது. 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவில் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தை எடுத்தவர்கள் பலருக்குத் திடீரென்று நச்சுத்தன்மை ஏறியது. மருந்தின் அளவு மாறவில்லை. கேப்சூலை நிரப்பும் பொருளாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் வந்திருந்தது, மருந்து முன்பைவிட அதிகமாக உடம்பில் ஏறிவிட்டது. தேனில் குழைத்துக் கொடு, வெந்நீரில் கொடு என்று அனுபானத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லும் சித்த மருத்துவத்தில் வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சேர்மானம் மாறினால் மருந்தும் மாறலாம். மாறியதா இல்லையா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

சென்னையிலும் கோவையிலும்

இனி, நம் ஊர்க் கதை. மைக்ரோ தெரப்யூடிக் ரிசர்ச் லேப்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்துக்குச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மையங்கள் இருந்தன. 2016 பிப்ரவரியில் ஆஸ்திரிய, நெதர்லாந்து அதிகாரிகள் அங்கே சோதனைக்கு வந்தார்கள். ஆய்வுத் தரவுகள் உள்ளபடி காட்டப்படவில்லை, ஆவணங்களையும் தரவுகளையும் கையாண்டதில் குறைகள் என்று கண்டார்கள். 2012 ஜூன் முதல் 2016 ஜூன் வரை அந்த இரு மையங்களில் நடந்த ஆய்வுகளை நம்ப முடியாது என்று 2017 மார்ச்சில் ஐரோப்பிய மருந்து முகமை முடிவுசெய்தது. 300-க்கும் மேற்பட்ட மருந்துகள் அந்தப் பரிசீலனைக்குள் வந்தன. வேறு ஆய்வுகள் கைவசம் இல்லாதவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அந்த மருந்துகளால் யாருக்கும் கெடுதல் நேர்ந்ததற்கோ, அவை வேலை செய்யாமல் போனதற்கோ சான்று இல்லை என்றும் முகமை கூடவே சொன்னது.

இது தனிச் சம்பவம் இல்லை. 2015-இல் சென்னையின் குவெஸ்ட் லைஃப் சயன்ஸஸ் மையத்தில் நடந்த எச்.ஐ.வி. மருந்து ஆய்வொன்றில் இ.சி.ஜி.க்கள் நகலெடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஹைதராபாத்தின் ஜி.வி.கே. பயோசயன்ஸஸ் மையத்தில் பல ஆண்டுகள் நடந்த இ.சி.ஜி. மோசடியால் ஏறக்குறைய 700 மருந்து வடிவங்களை நிறுத்திவைக்க ஐரோப்பா பரிந்துரைத்தது. 2016-இல் பெங்களூரின் செம்லர் மையத்தில் வாலன்டியர்களின் இரத்த மாதிரிகளே மாற்றப்பட்டிருந்தன.

இவற்றை ஈபனைப் போல ஒழுக்கக் கதையாக வாசிக்கலாம். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். ஒருவர் நெஞ்சின் துடிப்பை நகலெடுத்து இன்னொருவர் பெயரில் ஒட்டுவது என்றால் என்ன? அந்த இன்னொருவர் தனி மனிதர் என்பதையே அழிப்பது. இரத்த மாதிரியை மாற்றி வைப்பது என்றால்? ஒரு மனிதர் தன்னிடமிருந்து வேறுபடும் உரிமையை அழிப்பது. ஈபனே தன் விசாரணையில் ஒரு விஷயம் சொல்கிறார்: பிராண்டு மாத்திரையைப் பொடித்து கேப்சூலில் அடைத்து, ரான்பாக்ஸி தன் மருந்துக்குப் பதிலாக அதையே சோதனைக்கு வைத்ததாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிராண்டைப் பிராண்டோடு ஒப்பிட்டால் எஞ்சுவது கிட்டத்தட்ட ஆளுக்குள் மாறுபாடு மட்டுமே. நேர்மையான ஆய்வாளர் நான்கு முறை மருந்து கொடுத்துத் தேடும் எண்ணைத் திருட்டு வழியில் அளந்து, அதன்மேல் தன் மருந்தின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்.

மாறுபாடு அதிகமுள்ள மருந்தில் நல்ல மாத்திரையும் தோற்கலாம் என்று மேலே பார்த்தோம். ஏமாற்றும் ஆசை அங்கேதான் பலமாக எழும். அதே நேரம், ஏமாற்றியவனை மாட்டிவிடுவதும் அந்த மாறுபாடுதான். உண்மையான உடம்பின் தரவு கரடுமுரடாக இருக்கும். இரண்டு நாள் வரைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தினால், புள்ளியியலாளர் கண்ணுக்கு அது உறுத்தும். இவ்வளவு நல்ல பிள்ளையாக எந்த உடம்பும் இருப்பதில்லை.

சஞ்சீவி மலை

சிறுமலைக்கு ஒரு கதை சொல்வார்கள். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டாம் இது. எந்தச் செடி மருந்து என்று அடையாளம் தெரியாததால் மலையையே பெயர்த்துக்கொண்டு போனவன் அனுமன். ஜெனரிக் விஷயத்தில் நாம் செய்வது இதன் மறுபக்கம். எந்த மாத்திரை பழுது என்று அடையாளம் தெரியாததால் மலையையே தூக்கி வீசுகிறோம். ஈபனைப் படித்துவிட்டு "இனிமே பிராண்டு மட்டும்தான்" என்று முடிவெடுக்க வசதியுள்ளவர்களால் முடியும். சாணார்பட்டியிலோ நிலக்கோட்டையிலோ இருந்துகொண்டு மாசம் முழுக்கச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கும் குடும்பத்தால் முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் டெண்டர் மாறினால் அவர்களுக்கு மாத்திரையின் நிறமும் மாறும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. குறைந்த விலைக்குப் போகும் மக்கள் அங்கே பிராண்டைத் தேடிப் போகவில்லை.

2023 ஆகஸ்டில் டாக்டர்கள் ஜெனரிக் பெயரில்தான் மருந்து எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டுவந்தது. தரத்துக்கு யார் உத்தரவாதம் என்று டாக்டர்கள் எதிர்த்தார்கள், அதே மாதம் விதி நிறுத்திவைக்கப்பட்டது. இரு தரப்பும் பேசியதில் நம்பிக்கை, சந்தேகம், தரம் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. எந்த மருந்துக்கு ஆளுக்குள் மாறுபாடு எவ்வளவு, எந்த ஜெனரிக்கின் இடைவெளி எங்கே விழுந்தது என்ற பேச்சு அடிபடவே இல்லை.

தாக்கூர்-ரெட்டி புத்தகத்தை நான் அதிகம் மதிப்பது, இந்த அமைதிக்கு எதிராகச் சட்டத்தின் மொழியில் பேசுவதால். அவர்களிடம் நான் எதிர்பார்த்தது இன்னும் ஒரே ஒரு அடி. ஆய்வு கட்டாயம் என்பதோடு நிற்காமல், அந்த ஆய்வில் எந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று வாசகனுக்குப் பழக்கியிருக்கலாம். ஐரோப்பாவில் ஒரு ஜெனரிக்கின் பொது மதிப்பீட்டு அறிக்கையைத் திறந்தால் நம்பிக்கை இடைவெளி அச்சாகியிருப்பதைப் பார்க்க முடியும், பல அறிக்கைகளில் மாறுபாட்டுக் கெழுவும் இருக்கும். நம் மாத்திரை அட்டையின் பின்னால் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, விலை எல்லாம் இருக்கின்றன. அந்த மூன்று எண்களை, கீழ் எல்லை, மேல் எல்லை, ஆளுக்குள் மாறுபாடு, ஒரு பொது இணையப் பக்கத்தில் போட்டுவைக்க அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. வலிப்பு, தைராய்டு, உறுப்பு மாற்று மருந்துகளிலிருந்து தொடங்கலாம்.

அந்த எண்கள் கையில் இருந்தால் கடைக்காரருக்கு மூன்றாவதாக ஒரு பதில் சொல்ல வரும். "இந்த மருந்து யாருக்குமே நாளுக்கு நாள் கொஞ்சம் ஆடும்ங்க. ரெண்டு வாரம் பார்த்துட்டு, அப்பவும் கேட்கலைன்னா டாக்டர்கிட்ட இரத்தத்துல அளவு பார்க்கச் சொல்லுங்க." இதில் மருந்தையும் சந்தேகிக்கவில்லை, அந்த அம்மாவையும் சந்தேகிக்கவில்லை.